செல்லக்கிளியின் மணிக்கணக்கு

அடுத்த வீட்டுச் செல்லக்கிளி அக்கா ஸ்ரீரங்கத்தில் இருபது வருடமாகச் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். யார் போன் செய்தாலும், போனது யார், எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டார். "புள்ள எந்த ஏர்போர்ட்லேருந்து வரணும்?" இதுதான் முதல் கேள்வி. சிங்கப்பூர் என்றால் ஒரு நாள், சிட்னி என்றால் இரண்டு நாள் என்று கணக்குப் போட்டுப் பெட்டியை அனுப்புவார். அவர் சொன்ன நேரம் தப்பி நான் பார்த்ததில்லை.

அவர் மகன் இளவரசன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். இன்டர்நெட்டில் தட்டினால் திருச்சிக்கும் சியாட்டிலுக்கும் பதிமூவாயிரம் கிலோமீட்டர், பறக்கப் பதினாறு மணி நேரம் என்று காட்டும். காட்டிவிட்டுப் போகட்டும். நேர் விமானம் எவன் விடுகிறான்? துபாயில் இறங்கி, காத்துக் கிடந்து, வேறு விமானம் ஏறி, வீட்டு வாசலில் கால் வைக்க ஒன்றரை நாள் ஆகும்.

போன ஆவணியில் அக்காவின் வீட்டுக்காரர் ரெங்கராஜ் படுத்த படுக்கையானார். கல்லீரல். டாக்டர் கையை விரித்துவிட்டார். இளவரசன் போனில், "இப்ப வரட்டுமாம்மா, இல்ல…" என்று இழுத்தான். மீதியை அவன் சொல்லவில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் அந்த மீதி தெரியும். லீவு ஒரு தடவைதான் கிடைக்கும்.

"பொட்டியப் பாக்க வராத. அப்பாவப் பாக்க வா," என்றார் அக்கா.

வந்தான். ஒன்பது நாள் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான், ரசம் சாதம் ஊட்டினான். அவரும் கொஞ்சம் தேறினாற்போல இருந்தது. பத்தாம் நாள் விடியற்காலை விமானம். மேலும் தங்கினால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும்.

அன்று காலை பத்து மணிக்கு ரெங்கராஜ் போய்ச் சேர்ந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அரை மணியில் இளவரசன் துபாயிலிருந்து போன் செய்தான். அடுத்த விமானம் அவனுக்குச் சாயங்காலம்தான். அங்கிருந்து திருச்சிக்கு நாலரை மணி நேரம் பறந்தால் போதும். அது அக்காவுக்குத் தெரியாதா? கொல்லையில் ஆறு பெட்டி சும்மா கிடந்தன.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"தூங்குறாருப்பா. நீ பத்திரமா போ."

குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "என்னக்கா, இப்படிப் பண்ணிட்டீங்களே," என்றேன்.

"சொன்னா திரும்பிருவான். அவன் பொழப்பு என்னாவும்?" என்றவர், அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பெட்டி வைக்கவில்லை. நாலு மணிக்குள் ஓயாமரிச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்தது. மகள் யமுனா கொள்ளி வைத்தாள்.

மறுநாள் சியாட்டிலில் அவன் இறங்கும் நேரத்தைச் சரியாகக் கணித்து, அக்காவே போன் போட்டுச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் அக்கா உட்கார்ந்திருந்தார். அவன் திட்டவில்லை.

"துபாய்ல எட்டு மணி நேரம் சும்மாதாம்மா உக்காந்திருந்தேன்," என்றான்.