பதினொரு பிரேம்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி டி.வி.யில் பழைய குத்துச்சண்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு வெள்ளைப் படம். ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவர் எதிராளியை ஒரே குத்தில் சாய்த்த சண்டை. கோட்டு போட்ட இரண்டு பேர் அதை நிறுத்தி நிறுத்தி விளக்கினார்கள். பின்னால் ஓட்டினார்கள், மெதுவாக முன்னால் ஓட்டினார்கள், கை இங்கே இருக்கிறது பாருங்கள் என்று திரையிலேயே வட்டம் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே சண்டையை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் திருத்தணியில் நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். என்னிடம் இருந்தது வாட்ச் ரிப்பேர்காரரிடம் இரவல் வாங்கிய ஒரு பூதக்கண்ணாடியும், மேலே சூரியனும்தான்.

சிரிப்பு வந்ததற்குச் சண்டை பாதிக் காரணம், நகச்சாயம் மீதிக் காரணம். அந்த வாசனை இருக்கிறதே, அழுகப்போகிற வாழைப்பழமும் ஆஸ்பத்திரியும் கலந்தது போல, அதுதான் பிலிம் ஒட்டுகிற சிமெண்டின் வாசனை. டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவனுக்கு அது சட்டையிலும் சோற்றிலும்கூட இருக்கும். என் மனைவி கல்யாணமான புதிதில், நான் தினமும் வாழைப்பழம் தின்றுவிட்டு அவளுக்குக் கொடுக்காமல் வருகிறேன் என்று நினைத்திருந்தாளாம். இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

எங்கள் கொட்டகை ரயிலடிக்கும் மலைக்கும் நடுவில் இருந்தது. திருத்தணி சித்தூர் ஜில்லாவை விட்டு இந்தப் பக்கம் சேர்ந்து அப்போது ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. நோட்டீஸ் ஒரு பக்கம் தமிழிலும் ஒரு பக்கம் தெலுங்கிலும் அடிப்போம். விசில் மட்டும் பொது. ஆடிக் கிருத்திகை வந்தால் முதலாளி சாமி படம் போட்டுக் காவடிக் கூட்டத்தை உள்ளே இழுத்துவிடுவார். மற்ற நாட்களில் கூட்டம் சேர்க்க எதையாவது தேடிக்கொண்டே இருப்பார். பாகிஸ்தான் யுத்தம் முடிந்த மறு வருஷம் அப்படித்தான் பட்டணத்திலிருந்து இந்தக் குத்துச்சண்டைத் துண்டுப் படத்தை வாங்கி வந்தார். பெரிய படத்துக்கு முன்னால் போட வேண்டும். பல ஊர் சுற்றி நைந்துபோன ரீல். இயந்திரப் பல் கவ்வுகிற ஓரத் துளைகள் பாதி இடத்தில் பிய்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்திலேயே அறுந்துவிட்டது. படம் அறுந்தால் ஆபரேட்டர் மானம் எத்தனை நிமிஷத்தில் மறுபடி ஓடுகிறது என்பதில் இருக்கிறது. பிய்ந்த இடத்தைக் கத்தரித்தேன். முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கினேன், பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டினேன், சிமெண்டைத் தடவி அழுத்தினேன். (ஆமாம், நாக்கில்தான். தண்ணீர் தேட நேரம் ஏது? எத்தனையோ நடிகர்களை நான் இப்படி ருசி பார்த்திருக்கிறேன்.) இரண்டு நிமிஷத்தில் படம் ஓடியது. ஒட்டு அவ்வளவு சுத்தம்; இயந்திரத்துக்குள் போகும்போது சின்னச் சத்தம்கூட இல்லை. அதை நினைத்து நான் வீடு போகிறவரை மீசையைத் தடவிக்கொண்டே போனேன். கத்தரித்த துண்டை வழக்கம்போல சிகரெட் டின்னில் போட்டேன். ரீலைத் திருப்பி அனுப்பும்போது கம்பெனிக்காரன் எவ்வளவு வெட்டினாய் என்று கேட்டால் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் ஜெபமணி வந்தான். அரக்கோணம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். தினமும் ரயிலில் போய் வருவான். கரி அள்ளி அள்ளித் தோள் இரண்டும் கதவு அகலம். ரயில்வேக்காரர்கள் நடத்தும் குத்துச்சண்டைகளில் அவனுக்குப் பெயர் உண்டு. உண்டு என்ன, இரண்டு மாதம் முன்பு வரை இருந்தது. ஜோலார்ப்பேட்டை டிரைவர் ஒருவனோடு அரக்கோணத்தில் சண்டை. திருத்தணியிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஆட்கள் போயிருந்தார்கள். இரண்டாவது ரவுண்டில் ஜெபமணி திடீரென்று விழுந்தான். எண்ணி முடிக்கிறவரை எழவில்லை. அவன் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்த நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் குத்து கண்ணில் படவில்லை. வேண்டுமென்றே விழுந்தான், விலை போய்விட்டான் என்று திரும்பி வரும் ரயிலிலேயே தீர்ப்பு ஆகிவிட்டது.

ஊர் பேசியதை ஜெபமணி தாங்கிக்கொண்டான். அவன் அப்பா பேசாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் காம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்தில் ஒரு துளி கூடினால் ராத்திரி தூங்காத மனிதர். அவரும் அன்று அரக்கோணம் போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். “என் கண்ணால பார்த்தேன். அவன் மேல கை படல” என்று யார் கேட்டாலும் சொல்லிவிடுவார். அம்மா இல்லாத வீடு, இரண்டே பேர். மகனிடம் பேசக் கூடாது, ஆனால் வீடு நடக்க வேண்டும். ஆகவே அரிசி இல்லையென்றால் பானையிடம் சொல்வார், கதவைச் சாத்தவேண்டும் என்றால் கதவிடம் சொல்வார். அவன் கேட்டுக்கொண்டு செய்வான். இதற்கு நடுவில் அவனுக்குக் குண்டக்கல்லுக்கு மாற்றல் ஆகியிருந்தது. திங்கட்கிழமை புறப்பட வேண்டும்.

“அந்தப் படத்துல வுழுற இடம் சரியா வருதாங்க?” என்று கேட்டான்.

“ஆங், கண்ணாடியாட்டம் வருது” என்றேன். ஒட்டின பெருமை எனக்கு. படத்தை நான் பார்க்கவேயில்லை என்பது வேறு விஷயம். ஓட்டுகிறவன் கண் இயந்திரத்துக்குள் கார்பன் குச்சி எரிகிற வெளிச்சத்தின் மேல்தான் இருக்கும்.

“நைனாவ இட்டாந்து காட்டணுங்க. அவ்ளோ பெரிய ஆளே இத்தினூண்டு குத்துல வுழுறான்னு கண்ணால பார்த்தா நம்புவாரு. நான் கூப்ட்டா வரமாட்டாரு. நீங்க கூப்பிடுங்க.”

கூப்பிட எனக்கு உரிமை இருந்தது. சிமெண்ட் இறுகிப் போனால் அதை இளக்கித் தருகிறவர் காம்பவுண்டர்தான். அவர் பீரோவில் அதற்கென்று ஒரு சின்ன பாட்டில் வைத்திருந்தார். சினிமாவே பாராத மனிதர், என் முகத்துக்காக அன்று மாலை முதல் ஆட்டத்துக்கு வந்தார். பெஞ்சில் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் மகன்.

சண்டை ஓடியது. அன்று நானும் ஆபரேட்டர் அறைத் துவாரம் வழியாகப் பார்த்தேன். கூட்டம் ரசித்துக்கொண்டுதான் இருந்தது. சாம்பியன் நிற்கிறார், எதிராளி நெருங்குகிறான், சாம்பியன் கை மார்பளவில் இருக்கிறது. அடுத்த கணம் எதிராளி தரையில் கிடக்கிறான்! கொட்டகை முழுக்க ஒரே கூச்சல்.

“டேய், அடிக்கவே இல்லடா!”

“இவனும் நம்ம ஜெபமணி கட்சிதான்டா!”

காம்பவுண்டர் எழுந்தார். பக்கத்திலிருந்த கொட்டகைக் கம்பத்தைப் பார்த்து, “வெள்ளக்காரன் ஊர்லயும் இதே பித்தலாட்டந்தானா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் துவாரம் வழியாக ஜெபமணியின் தலையைப் பார்த்தேன். அது நிமிரவேயில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எதிராளி நடித்துவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் மணி அடிக்கிற நேரத்தில் ஜெபமணி கொட்டகையில் வந்து நின்றான். மாதா கோவிலுக்குப் போகாமல் வந்திருக்கிறான் என்றால் நிலைமை புரிகிறதல்லவா. கோபமெல்லாம் இல்லை. “அந்த எடத்த ஒரு தபா கையில காட்டுங்க” என்றான். ரீலைச் சுற்றிக்கொண்டே வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். பிலிம் ஓரம் அவன் விரல்களுக்கு நடுவில் ஓடியது. சட்டென்று பிடித்து நிறுத்தினான்.

“இது இன்னாங்க, இங்க தடிப்பா கீது?”

“ஒட்டு. முந்தா நாள் அறுந்துச்சி, ஒட்டினேன்.”

“ஒட்டினீங்க, சரி. நடுவுல இருந்தது எங்க?”

அந்தக் கேள்விக்கு எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. சிகரெட் டின்னை வாசலில் கவிழ்த்தோம். முருகன் அரை அடி, அழுகிற அம்மா முக்கால் அடி, குதிரை ஒன்று, டூயட் பாட்டின் மிச்சம். இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். அடியில் கிடந்தது, ஒரு பக்கம் துளைகள் பிய்ந்த துண்டு. எண்ணினேன். பதினொரு பிரேம். விநாடிக்கு இருபத்து நாலு பிரேம் ஓடும் படத்தில் அரை விநாடிகூட இல்லை.

வாட்ச் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி பூதக்கண்ணாடி வாங்கி வந்தேன். ஒவ்வொரு பிரேமாகச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். முதல் மூன்றில் சாம்பியனின் இடது கை சும்மா ஆடிக் காட்டுகிறது. எதிராளியின் கண் அதன்மேல். நாலாவதில் வலது தோள் கொஞ்சம் இறங்குகிறது. ஐந்தாவதில் வலது கை எதிராளியின் தாடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அது கடந்த தூரம் ஒரு சாண்கூட இருக்காது. ஆறாவதில் எதிராளியின் முகம் திரும்பிவிட்டது, தலைமயிரிலிருந்து வேர்வைத் துளிகள் தனித்தனியாகத் தெறித்து நிற்கின்றன. எட்டில் முழங்கால்கள் அவனைக் கைவிட்டுவிட்டன. பதினொன்றில் சாம்பியன் கை பழையபடி மார்பளவில்! அதனால்தான் வெட்டு யார் கண்ணிலும் படாமல் என் ஒட்டு அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்தது.

“இதாங்க” என்றான் ஜெபமணி. தன் தாடையின் இடது ஓரத்தைத் தொட்டுக்கொண்டான். “இதேதாங்க. இங்கதான்.”

திரும்ப ஒட்டி மாலை ஆட்டத்தில் போட்டிருக்கலாம். பக்கத் துளைகளை வேறு துண்டிலிருந்து நறுக்கி ஒட்ட வேண்டும், ஒரு பகல் வேலை, செய்யக்கூடியதுதான். ஆனால் காம்பவுண்டர் இனி கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் அப்போதுதான் பூசை முடிந்து வந்து, பைபிளை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

துண்டையும் கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்து விவரம் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். முதல் பிரேமிலிருந்து கடைசி வரை, மறுபடி முதலிலிருந்து.

“இதுல எதுவும் அசையலயே. அஞ்சாவதுல கை படல. ஆறாவதுல பட்டு முடிஞ்சிடுச்சி. அடி எங்க?”

“ரெண்டுக்கும் நடுவுலங்க.”

“நடுவுல ஒரு கோடுதான் இருக்குது.”

மனிதர் சொல்வது உண்மைதானே. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன்: “ஐயா, நேத்து நீங்க பார்த்தது முழுப் படம் இல்ல. இந்தத் துண்ட நான் வெட்டிட்டேன். கொட்டாய்ல இருந்த அத்தன பேரும் கண்ணத் தொறந்துகினுதான் பார்த்தாங்க. தப்பு என்னுது.”

அவர் துண்டை மடியில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மகன் முகத்தைப் பார்த்தார்.

“அன்னிக்கி அரக்கோணத்துல அந்தாளு உன்ன மூலையில தள்ளிகினு வந்தான் இல்ல?”

“ஆமா நைனா.”

“நான் கண்ண மூடிக்கினேன்டா. உன்ன அடிக்கறத என்னால பார்க்க முடியல. தொறந்தப்போ நீ கீழ கெடந்த.”

தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. ஜெபமணி அழுதான், அவ்வளவு பெரிய உடம்பு அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது, சொல்லிக்கொள்வதில் வெட்கம் என்ன. காம்பவுண்டர் எழுந்து உள்ளே போய், பானையிடம் சொல்லாமல், “நாளைக்கி எத்தினி மணிக்கி வண்டி?” என்று மகனைக் கேட்டார்.

புறப்படும்போது துண்டைத் திருப்பிக் கேட்டேன். “இது எங்கிட்ட இருக்கட்டும்” என்றார் காம்பவுண்டர். அதைப் பைபிளுக்குள் வைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து, கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறொரு ரீலின் துண்டைப் போட்டு அனுப்பினேன். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

காம்பவுண்டர் சில வருஷங்களில் காலமானார். பைபிளை அவரோடே வைத்து அடக்கம் செய்ததாக ஜெபமணி குண்டக்கல்லிலிருந்து எழுதினான். பிறகு அவனும் எழுதுவது நின்றுபோயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்து, அதையும் இடித்துவிட்டு இப்போது ஏதோ வண்டி நிறுத்துகிறார்கள். பிலிமே போய்விட்டது என்கிறான் பேரன். அந்த வாசனைக்கு நகம்தான் மிச்சம்.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ரீல் எங்கள் ஊரோடு நிற்கவில்லை. என் சுத்தமான ஒட்டோடு பள்ளிப்பட்டு, சோளிங்கர், புத்தூர் என்று கொட்டகை கொட்டகையாகப் போனது. அங்கெல்லாம்கூடக் கூட்டம் கூச்சல் போட்டிருக்கும். எவனோ ஒருவன் அடிபடாமல் விழுந்தான் என்று எத்தனை பேர் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்களோ. அவர்கள் ஊரிலும் ஒரு ஜெபமணி இருந்திருந்தால்? ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். என் ஒட்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று எழுதவில்லை.

“தாத்தா, பாருங்க, இப்ப அடிக்கறாரு” என்றான் பேரன். பார்த்தேன். அந்தப் பதினொரு பிரேமும் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று கூச்சல் போட்டவர்களில் யாராவது உயிரோடிருந்து இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அவர் அடித்தார். வெட்டினது நான்.