கடல் நத்தையை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டோம்

எங்கள் செஞ்சிக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நத்தை என்றால் எங்களுக்கு வயல் நத்தைதான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் வரப்போரம் பொறுக்கலாம், சந்தையிலும் கூறு கட்டி விற்பார்கள். மூலத்துக்கு அதைவிட்டால் வேறு மருந்தில்லை என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாங்கி வந்ததும் அரிசி கழுவிய தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். வயிற்றில் இருக்கிற சேற்றையெல்லாம் கக்கிவிட்டு, காலையில் ஓட்டுக்கு வெளியே வந்து கிடக்கும். அப்புறம்தான் அடுப்பு. எங்கள் வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதுகூட இல்லை, தானாகத் தெரிந்துவிடும்.

நான் பயந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கரண்டோடு மல்லுக்கட்டுகிறவன் என்று வெளியே பேர். ஆனால் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பப் போய் இன்னொரு தரம் மெயினைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். மலையிலிருந்து வரும் குரங்கு ஷீட் கூரைமேல் குதித்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். இதையெல்லாம் நடித்துக் காட்டியே என் மனைவி எங்கள் இரண்டு மகள்களையும் சிரிக்க வைத்து வளர்த்தாள். இப்போது இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

போன சித்திரையில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மருந்துக்குக்கூட ஒரு நத்தை கிடையாது. அப்போதுதான் வாரச்சந்தையில், மரக்காணம் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மா ஒரு பிளாஸ்டிக் டப்பில் கடல் நத்தை வைத்திருந்ததைப் பார்த்தோம். அவர்கள் அதைச் சங்கு என்றே சொன்னார்கள். வெள்ளை ஓட்டில் காப்பியைத் தெளித்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. வளையத்தில் வலையைக் கட்டி, நடுவில் செத்த மீனை வைத்துக் கடலுக்குள் இறக்கினால் வாசனைக்கு வந்து ஏறிக்கொள்ளுமாம். பெரியதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், வாயை மூடுகிற தகட்டைக்கூட ஊதுவத்திக்கு என்று தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள், கழித்துப்போட்ட சின்னதுதான் இது என்றார்கள்.

டப்புக்குள் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. ஒவ்வொன்றும் ஓட்டின் முன்பக்கத்திலிருந்து ஒரு குழாயை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா எனக்கு வேடிக்கை காட்ட ஒரு நண்டுத் துண்டைப் பிய்த்துப் போட்டார்கள். அத்தனை குழாயும் ஒரே பக்கமாகத் திரும்பின. எல்லாம் அதை நோக்கி ஊர்ந்தன. வயல் நத்தை பாசியையும் தழையையும் மேய்கிற வாயில்லாப் பிராணி. இது கறிக்கு மோப்பம் பிடிக்கிறது.

இது வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். முட்டிவலிக்கு நல்லது என்றாள். அவளுக்கு முட்டிவலி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எப்படிச் சமைப்பது என்று நாங்கள் கேட்கவில்லை. நத்தை சமைக்கத் தெரியாதவர்களா நாங்கள்? அந்த அம்மாவும் சொல்லவில்லை. கடலோரத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்யாதே என்று சொல்ல அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

வீட்டுக்கு வந்து பக்கெட்டில் போர் தண்ணீரைப் பிடித்து, அரிசி கழுவிய தண்ணீரையும் ஊற்றி, நத்தைகளைப் போட்டு, மேலே தட்டு வைத்து மூடினாள். குரங்கு திறக்காமலிருக்கப் பாத்திரத்தின்மேல் கல் வைப்பது போல நான் அந்தத் தட்டின்மேலும் ஒரு கல் வைத்தேன். அவை வெளியே வந்துவிடும் என்று எனக்குப் பயம். அவள் சிரித்தாள்.

காலையில் திறந்தபோது எல்லாம் ஓட்டைவிட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் கஞ்சி மாதிரி கொழகொழவென்று இருந்தது. நல்லா கக்கிடுச்சி, குத்தி எடுக்க ஊசிகூட வேண்டாம், கையாலேயே வந்துடும் என்று சந்தோஷப்பட்டாள். வயல் நத்தை அப்படிக் கிடந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். இது உப்புத் தண்ணீர்ப் பிராணி, நல்ல தண்ணீரில் ராத்திரியே செத்திருக்கிறது, சித்திரை வெக்கையில் விடியும்வரை அழுகியிருக்கிறது. எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை. வாடை அடித்தது. கடல் வாடை அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு வதக்கினாள். எனக்கு அந்தக் குழாய்தான் கண்ணிலேயே நின்றது. ஒரு துண்டுகூட வேண்டாம் என்று சொல்லி, பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

வெயில் ஏறுவதற்குள் போன் வந்தது. அவள் குரலே இல்லை அது. நாக்கு தடித்துப்போனவள் மாதிரிப் பேசினாள்.

"உதடெல்லாம் மரத்துப்போச்சிங்க. நிக்க முடியல. வாங்க."

ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடினேன். பின்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாந்தி, பேதி. கழுவித் தூக்கும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தேன். கொஞ்சம் இல்லை. அது உள்ளே போயும் கறியைத் தின்கிறது என்றுதான் அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, சாகாதே சாகாதே என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனதாக ஆட்டோக்காரர் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே டிரிப் போட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். என்ன சாப்பிட்டாள், எப்படிச் சமைத்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். செத்து அழுகினதாலும் இருக்கலாம், அதன் உடம்பிலேயே இருக்கிற விஷமாகவும் இருக்கலாம், மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வெளியே போய் உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்துத் தேடினேன். மணலுக்குள் புதைந்துகொண்டு குழாயை மட்டும் வெளியே நீட்டி, தூரத்தில் கிடக்கும் பிணத்தின் வாடையைக் கண்டுபிடிக்குமாம். அதன் இனத்தில் சிலது எச்சிலாலேயே சிப்பியின் ஓட்டில் ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சுமாம். சிலதின் உடம்பில் நரம்பை முடக்குகிற விஷம் இருக்குமாம், எவ்வளவு வேகவைத்தாலும் போகாதாம். முதலில் உதடு, அப்புறம் கை கால், அப்புறம் மூச்சு. படித்து முடித்ததும் எனக்கே உதடு மரத்த மாதிரி இருந்தது. கதவருகே போய் அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன், வந்து உட்காருவேன், மறுபடி போவேன். நர்ஸ் இரண்டு தரம் திட்டினார்கள். மூன்றாம் தரம் திட்டாமல் ஒரு ஸ்டூலை எடுத்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

சாயங்காலம் அவள் நாக்கு தெளிந்தது. தண்ணீர் கேட்டாள். டாக்டர் வந்து அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது, எனக்கே தெரிந்தது. நத்தை விஷம் நாளைக்குள் போய்விடும் அம்மா, ஆனால் இவ்வளவு ரத்தம் இன்றைக்கு ஒரு நாளில் போனது இல்லை, எத்தனை நாளாகப் போகிறது என்று கேட்டார். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"சின்னவ கல்யாணத்துலேர்ந்து" என்றாள்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. அந்த ரத்தத்தோடுதான் சம்பந்திகளுக்குப் பந்தி பரிமாறியிருக்கிறாள், மகளை அனுப்பிவிட்டு என்னோடு உட்கார்ந்து அழுதிருக்கிறாள். டாக்டர் போனதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். கோபம் மாதிரி வந்ததே தவிர, அது பயம்தான்.

அவள் சித்தி ஒருத்தி இப்படித்தான் ரத்தம் போய், மூலம் மூலம் என்று பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் குடலில் புற்று என்று தெரிந்து போய்ச்சேர்ந்தாள். அது எனக்கும் தெரியும்.

"நத்தையில நின்னுச்சின்னா மூலம். நிக்கலன்னா அந்த வியாதி. அத தெரிஞ்சிக்கலாம்னுதான் வாங்கினேன்" என்றாள். "மழ வர்ற வரிக்கும் என்னால பொறுக்க முடியல."

டாக்டரிடம் கேட்கப் பயந்துகொண்டு, அந்தப் பிராணியிடம் கேட்டிருக்கிறாள்.

குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது நடந்து, ரிப்போர்ட் கைக்கு வரும்வரை நான் சாப்பிட்டது, தூங்கியது எதுவும் கணக்கில் சேராது. காயில் கட்ட உட்கார்ந்தால் சுற்று தப்பிப்போகும், அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டுவேன். கடைசியில் வெறும் மூலம்தான் என்று வந்தது. சின்ன ஆபரேஷன், அப்புறம் ரத்தத்துக்கு மாத்திரை, போதும் என்றார்கள். நான் அங்கேயே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போகிறவர்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்து விலகிப் போனார்கள்.

திரும்பி வரும்போது செஞ்சி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்தாள். பஸ் இன்னும் எடுக்கவில்லை. மனசு லேசாகியிருந்த தைரியத்தில், நத்தை ஒத்துக்கொண்டு, ஆனால் ரத்தம் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

"இன்னா பண்ணியிருப்பேன்? ஒன்னும் சொல்லாமயே இருந்திருப்பேன்" என்றாள். "தெரிஞ்சா நீங்க தாங்குவீங்களா?"

இரக்கத்தோடுதான் சொன்னாள். முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தும் விட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆளுங்க பாக்கறாங்க என்றாள். எனக்குப் பயமாக இருந்தது, விடவில்லை.