திருத்தணியில் நான் பாராட்டிய காரம்

போன வாரம் திருத்தணியில் ஒரு நல்ல சமையல்காரரைக் கெடுக்கப் பார்த்தேன். திட்டி அல்ல... பாராட்டி.

என் மிளகாய்ப் பைத்தியம் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். என் வயிற்றுக்காகக் கவலைப்பட்டுக் கடிதம் போட்டவர்கள்கூட உண்டு. என்ன செய்வது? கண்ணில் தண்ணீர் வரவழைக்காத சாப்பாடு எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருப்பதில்லை.

பள்ளிக்கூடங்களுக்குச் சிலேட்டும் நோட்டும் சப்ளை செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் மூன்று நாள் ஆர்டர் எடுக்கப் போயிருந்தேன். தங்கியது பஜார் தெருச் சத்திரத்தில். சாப்பாடு எதிரே இருந்த சின்ன ஹோட்டலில். சுப்பராயலு சமைப்பார், அவர் மனைவி மங்கம்மா பரிமாறுவார்.

யுத்தம் முடிந்தும் அரிசி ரேஷன் முடியவில்லையே! முதல் நாள் மத்தியானம் இலையில் ஒரு கைப்பிடிச் சோறும் இரண்டு கேழ்வரகுக் களி உருண்டையும் விழுந்தன. பக்கத்தில் சிவப்பாக ஒரு துவையல் — பழுத்த மிளகாயைப் பூண்டோடு அரைத்தது. தெலுங்கில் எர்ரகாரம் என்றார் மங்கம்மா. களியைக் கிள்ளி, அதில் தொட்டு விழுங்கினேன். இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. அடுத்து வந்த புளிச்சக்கீரைக் கடையலிலும் அதே நெருப்பு.

எனக்குச் சொர்க்கம். நேரே அடுப்படி வாசலுக்குப் போனேன். "மெட்ராஸ்ல இப்படிக் காரம் போட எவனுக்கும் தைரியம் கிடையாது" என்றேன். சுப்பராயலு மெலிந்த மனிதர். முகமெல்லாம் சிரிப்பு. "ராத்திரிக்கு இன்னும் தூக்கலா போடறேன் சார்" என்றார்.

போட்டார். மறுபடி பாராட்டினேன். என் பக்கத்தில் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் பாதி இலையில் எழுந்தார். "பழகிக்கணும் சார்" என்று அவருக்குப் புத்தி வேறு சொன்னேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிப்பட்டிலிருந்து திரும்பி, பிற்பகலில் சாப்பிடப் போனபோது ஹோட்டலில் நான் ஒருவன்தான். சுப்பராயலு விறகு வாங்கப் போயிருந்தார். மங்கம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"தாலுக்கா ஆபீஸ்காரங்க ஆறு மாசமா வந்துகினு இருந்தாங்க. இன்னிக்கு வந்து, இனிமே வேற எடம் பாத்துக்கறோம்னு சொல்லிட்டுப் பூட்டாங்க."

"காரத்தாலயா?"

"ஆங். தை மாசம் எங்க வீட்டுக்காரருக்கு டைபாய்டு ஜுரம் வந்துச்சு. பொழச்சதே பெரிசு. எழுந்ததுலேர்ந்து வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. எங்கிட்ட சொல்லல. எனக்குத் தெரியாதா? பால் தீஞ்சு தெருவெல்லாம் நாறுது... இவரு பக்கத்துலயே நின்னுகினு இருக்காரு. மிளகா மட்டுந்தான் அவருக்கு ஒறைக்குது போல. நாளுக்கு நாள் ஏத்திகினே போறாரு."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"ஒரு தபா சொன்னேன். ரெண்டு நாள் அடுப்புப் பக்கமே வரல. நீங்க மெச்சினதுக்கு அப்புறம் அவரைப் புடிக்கவே முடியல. காரம் தின்றவரு நீங்க. நீங்களே ஜாஸ்தின்னு சொன்னா கேப்பாரு சார்."

சாவின் விளிம்பிலிருந்து திரும்பிய மனிதரிடம், உன் கைப்பக்குவம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? நான் தயங்கியதற்கு அதைவிட வெட்கமான காரணம் ஒன்றும் இருந்தது. எனக்குக் காரம் தாங்கவில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டுமே...

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். சுப்பராயலு ஆவலோடு நிமிர்ந்தார்.

"எப்படி சார்?"

"காரம் ஜாஸ்தி சுப்பராயலு. என்னாலயே முடியல."

"முந்தாநேத்து நல்லா இருக்குன்னீங்களே சார்?"

"அன்னிக்கும் ஜாஸ்திதான். வீம்புக்குச் சொன்னேன்."

அது பொய்யில்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் துண்டில் வெகுநேரம் கையைத் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி பேசினார்.

"உப்பு போட்டனா, புளி போட்டனா, ஒண்ணும் தெரியறதில்ல சார். வாயில மண்ணு மாதிரி கீது. மிளகா பட்டா மட்டும் சுருக்குன்னு ஏதோ தெரியுது. அதைப் புடிச்சிகினுதான் சமைச்சிகினு இருந்தேன். வேற தொழில் எனக்கு இன்னா தெரியும்?"

வாசலில் நின்ற மங்கம்மா உள்ளே வந்தார். கரண்டியிலிருந்து துளி குழம்பைத் தன் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "உப்பு சரியா கீது. காரம் பாதி போதும்" என்றார்.

சுப்பராயலு மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. "இனிமே நீயே பாத்துச் சொல்லு" என்றார், மெதுவாக.

ரயிலுக்கு முன் மாலையில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். உள்ளே மங்கம்மா ருசி பார்க்க, சுப்பராயலு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குமாஸ்தாவை மங்கம்மா நேரில் போய் அழைத்திருந்தார். அவர் இலையைக் காலி செய்தார். இன்னொரு களி உருண்டை கேட்டார்.

என் இலையில் புளிச்சக்கீரை. அதில் புளிப்பு இருந்தது, நல்லெண்ணெய் வாசனை இருந்தது, வதக்கிய பூண்டு இருந்தது. மூன்று நாளாக இதைத்தானா தின்றேன்? ஜுரம் வராமலே எனக்கும் நாக்கு மரத்துக் கிடந்திருக்கிறது.

ரயிலில் யோசித்தேன். நான் மெச்சியது சுப்பராயலுவின் சமையலையா, என் நாக்கின் வீரத்தையா? ஒருவரை வாய் நிறையப் புகழும்போது, அதில் எத்தனை பங்கு அவருக்குப் போய்ச் சேருகிறதோ...

காரத்தை விட்டுவிட்டேனா என்று கேட்காதீர்கள். வாயைத் திறந்து புகழ்வதை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.