மண்டைக்குள் நகர்ந்த லோடு

என் வீட்டுக்காரர் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பு ஓட்டினார். காலையில் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போவார். சாயங்காலம் ஏலக்காய் மூட்டைகளோடு அவர்களை இறக்கிக்கொண்டு வருவார். எனக்குத் தாய்மாமன் மகன் என்பதால், கல்யாணத்துக்குப் பிறகும் ‘மாமா’ என்றுதான் கூப்பிட்டேன்.

எண்பதுகளில் ஒரு ஐப்பசி மழையில், மலைப்பாதையின் வளைவொன்றில் பாறை உருண்டு கிடந்திருக்கிறது. அவர் பிரேக்கை மிதித்த மிதியில் ஜீப்பு நின்றது. அவர் தலை முன்கம்பியில் போய் மோதியது. கூட இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கும் நெற்றியில் ஒரு புடைப்புதான். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, மிச்ச தூரத்தையும் அவரே ஓட்டினார். வீட்டுக்கு வந்து, “பாறைய விட என் மண்டை கெட்டி” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

புடைப்பு வற்றிச் சில வாரம் கழித்துத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழும்போதே நெற்றியைப் பிடித்துக்கொள்வார். கேட்டதையே திரும்பக் கேட்டார். சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆனது. நடை தள்ளாடுவதைப் பார்த்து, குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பீடிகூடத் தொடாத மனுசன்.

ஒருநாள் கடைவீதியில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். இடதுகால் செருப்பு கழன்று கிடந்தது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“மாமா, செருப்பு எங்க?”

“கால்லதான் கெடக்கு. ஏன் புள்ள?”

குனிந்து பார்த்தார். வெறுங்கால் சேற்றில் இருந்தது. அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்படியே மதுரை பஸ்சில் ஏறினோம்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் உள்ளங்காலில் கோடு இழுத்துப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார். “தலையில அடி ஏதும் பட்டுச்சா?” என்றார். எனக்கு அந்தப் பாறை ஞாபகம் வந்தது. சொன்னேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

“வண்டி டக்குனு நின்னா உள்ள இருக்கிறவங்க முன்னால போய் விழுவாங்கள்ல? அதேதான். மண்டையோடு நின்னுருச்சு, உள்ள மூளை நிக்கலை. அந்தக் குலுக்கல்ல மூளைக்கு மேல ஓடுற சின்ன ரத்தக்குழாய் பிஞ்சிருக்கு. கொஞ்சங்கொஞ்சமா கசிஞ்சு தேங்கி, இப்ப மூளையை அமுக்குது.”

இவர் குழறிக் குழறிச் சொன்னார்: “லோடைக் கட்டாம ஓட்டிட்டேன் சார்.”

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். பழைய எஞ்சின் ஆயில் மாதிரி இருந்ததாம். மறுநாள் கட்டுப் போட்ட தலையோடு படுத்திருந்தார். நான் கால்மாட்டில் உட்கார்ந்து, வேறென்ன செய்வதென்று தெரியாமல் இடது பாதத்தை வருடிக்கொண்டிருந்தேன்.

“கூசுது, விடு புள்ள” என்றார்.

விடவில்லை. இன்னும் கொஞ்சம் வருடினேன்.

நடையும் பேச்சும் திரும்பின. சில மாதம் கழித்து மறுபடி ஜீப்பு ஏறினார். வாசனை மட்டும் திரும்பவேயில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அந்த மோதலிலேயே அறுந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஊரே ஏலக்காயாய் மணக்கும். மூட்டை இறக்கி வந்த அவர் சட்டையும் மணக்கும். அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. “இன்னைக்குக் காய் எப்படி?” என்று சட்டையை என்னிடம் நீட்டுவார். நான் முகர்ந்து சொல்வேன்.

ஒருமுறை அடுப்பில் பாலை வைத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். தெருமுனையிலேயே தீய்ந்த நெடி அடித்தது. குடத்தோடு ஓடிவந்தால், அடுப்புக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

“பால் கருகுறதுகூடத் தெரியலையா மாமா?”

பேப்பரைத் தாழ்த்தி, தீய்ந்த சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தெரிஞ்சே என்னையக் காவலுக்கு வச்சிட்டுப் போனியே புள்ள, ஒன் தலையில எப்ப அடிபட்டுச்சு?”