பூவேறாத ஈர்க்கு

பிடெலினா சோளக்கஞ்சி விற்பவள். சந்தை வாசலில் அவளிடம் வாங்கிக் குடிக்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. கஞ்சியை ஊற்றிக்கொண்டே மலைப்பக்கத்து மேகத்தைப் பார்ப்பாள். கிண்ணம் நிறைந்து வாங்குகிறவர் காலில் வழியும். "அடியே, கீழ இறங்கி வா!" என்று நான் பக்கத்துக் கடையிலிருந்து கத்துவேன். நான் சோய்லா, தக்காளி விற்கிறேன். அவளுக்கு அடுத்த வீடும் நான்தான். அவள் வீட்டுச் சங்கதியில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

மே பிறக்கும்போது மழை இன்னும் இறங்கியிருக்காது. இலையே இல்லாத கிளைகளில் ஈழத்தலரி பூத்து நிற்கும். அந்த வாசனையில் ஊரே பாதித் தூக்கத்தில் நடமாடும். முதல் ஞாயிறன்று மாதா ஊர்வலத்தில் பெண்கள் நாங்கள் பூ மட்டை ஏந்திப் போவோம். முழுத் தென்னை மட்டை. ஓலையை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, ஈர்க்குகளை மட்டையிலேயே நிற்க விட்டு, ஒவ்வொன்றிலும் நுனிவரை பூக்கோப்போம். நூலும் கிடையாது, கம்பியும் கிடையாது. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் ஒரே ஒரு ஈர்க்கை வெறுமையாக விடுவார்கள். அது போனவருக்கு. அடுத்த வருடம் அதற்கும் பூ ஏறிவிடும்.

பிடெலினாவின் மட்டையில் ஏறவில்லை. அவள் புருஷன் நிகானோர் காய்ச்சலில் போய் எத்தனையோ மே மாதங்கள் வந்து போயின. அந்த ஈர்க்கு மட்டும் மொட்டையாகவே ஆடிக்கொண்டிருந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? "கோக்க மறந்துட்டு மேகம் பாத்துட்டு இருந்திருப்பா" என்பார்கள். நான் சண்டைக்குப் போவேன்.

அவளுக்கு மட்டை வெட்டித் தருவது ரொட்டிக்கடை எவரிஸ்டோ. கல்யாணமாகாத மனிதர், பேச்சு குறைவு. தன் கடைக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் நல்ல மட்டையாகப் பார்த்து வெட்டித் தோளில் சுமந்து வருவார். கூடவே அன்னாசிப்பழப் பாகு வைத்த ரொட்டியும் வரும். அவர் மனசில் இருப்பது சந்தை நாய்க்குக்கூடத் தெரியும். இந்த வருடம்தான் வாயைத் திறந்தார்.

"பிடெலினா, எங்க அக்கா என்னைத் தன்னோட ஊருக்கே, சாந்தா அனாவுக்கு வந்துடச் சொல்றா. இந்தத் தடவையும் அந்த ஈர்க்கு வெறுசாத்தான் இருக்கும்னா, திங்கக்கிழமை பஸ்ஸுல நான் கிளம்பிடறேன்."

பிடெலினா வானத்தைப் பார்த்தாள். "மழை வரும்போல இருக்குங்க" என்றாள். அந்த மனிதர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவளை அப்படியே உலுக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

ஞாயிறு விடிந்ததும் அவள் முற்றத்தில் உட்கார்ந்து இருவரும் கோத்தோம். செம்பருத்தி, காகிதப்பூ, மஞ்சளும் வெள்ளையுமாய் ஈழத்தலரி. கை தானாகக் கோக்க, வாசனை எங்கேயோ கொண்டுபோயிற்று. கடைசியில் அந்த ஒரு ஈர்க்கு மிஞ்சியது.

"அக்கா, அவரு முகம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துபோவுது. மூக்கு எப்படி இருக்கும்னுகூட யோசிக்க வேண்டியிருக்கு. இதுலயும் பூ ஏத்திட்டா நானே அவரத் தொடச்சு விட்ட மாதிரி ஆயிடாதா?"

எழுந்து துடைப்பத்தை எடுத்து, கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வெள்ளை அலரியை ஒவ்வொன்றாக அந்த ஈர்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தாள், நுனிவரைக்கும்.

இந்த வருடம் ஊர்வலத்தில் எல்லாருக்கும் முன்னால் போனது அவள் மட்டைதான். பூக்கனத்தில் மட்டை வளைந்து முகத்தை மறைக்கும். பின்னால் வருகிறவர்கள் முன்னால் போகிற மட்டையைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். சதுக்கம் வந்தோம். எவரிஸ்டோவைக் காணோம்.

"ரொட்டிக்கடை சாத்தியிருக்கு. மூட்டை கட்டறாராம்" என்றாள் யாரோ ஒருத்தி.

கோயிலுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். பிடெலினா வலப்பக்கம் திரும்பினாள். அவள் பின்னால் நான், என் பின்னால் அத்தனை பெண்கள், மேளக்காரர், குழல்காரர், தோளில் மாதாவோடு ஆண்கள்.

"கோயில் இந்தப் பக்கம்மா!" என்று சாமியார் கத்தினார். கடைசியில் அவரும் ஓடி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்.

மேளச் சத்தம் கேட்டு எவரிஸ்டோ ரொட்டிக்கடைக் கதவைத் திறந்தார். கையெல்லாம் மாவு. உள்ளே ஒரு மூட்டை கட்டியபடி இருந்தது. பிடெலினா மட்டையை அவர் கண்ணுக்கு நேராகத் தாழ்த்தினாள். வெள்ளைப் பூவேறிய அந்த ஈர்க்கை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா?" என்றாள் அவள்.

அவர் மாவுக் கையால் அந்த ஈர்க்கின் உச்சியிலிருந்த ஒரே ஒரு பூவை மட்டும் மெதுவாக உருவி எடுத்தார்.

"நுனி அவருக்கு இருக்கட்டும்" என்றார்.

நிகானோரை அடக்கம் செய்த அன்றுகூட அழாதவள், மட்டையைப் பிடித்தபடியே தேம்பித் தேம்பி அழுதாள். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கும் கண் மறைத்தது. எவரிஸ்டோ அந்தப் பூவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மட்டையின் அடியை ஒரு கை பிடித்தார்.