மறுகாலில் அடுக்கிய மூட்டைகள்

அன்று மறுகாலில் நின்றது நாலே பேர். நான், என் மச்சான், குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சுகிறவர், கடைமடையில் வயல் வைத்திருந்த அண்ணாச்சி. எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. குற்றால மலை இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை, அப்படி மழை.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழியத்தான் மறுகால். கீழப்பாவூர்ப் பக்கம் நாங்கள் அதன்மேல் வருஷா வருஷம் மண்மூட்டை அடுக்குவோம். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நின்றால் மாசி, பங்குனியில் அறுக்கிற பிசான நெல் கடைமடை வரை விளையும். என் வீடோ கரைக்கு நேர் கீழே.

"மூட்டைய எடுத்துருவோம் அண்ணாச்சி. கரை கசியுது."

"ஏலே, எந்த மழையில கரை கசியல? அஞ்சாங்கிளாஸ்ல வாத்தியாருக்குப் பயந்து ஓடியாந்தவன்தான நீ?"

மச்சான் சிரித்தார். "மேகம் கறுத்தாலே எந் தங்கச்சியையும் டிரங்குப் பெட்டியையும் தூக்கிட்டுக் கிளம்புத ஆளுல்லா!"

நான் நகரவில்லை. அண்ணாச்சி முகம் மாறியது.

"எடுத்த பொறவு எம் பயிரு காஞ்சா?"

"நான் பொறுப்பு." வாயில் வந்துவிட்டது.

நீர் பாய்ச்சுகிறவர் இறங்கி முதல் மூட்டையைப் புரட்டினார். தண்ணீர் இரைந்து ஓடியது. மறுநாள் மழை விட்டது. கரை நின்றது.

கார்த்திகையில் மழையே இல்லை. மார்கழியில் பனிதான். தையில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், குளம் தரை தட்டியது. அண்ணாச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கரை உடையலியேலே?"

"மூட்டைய எடுத்ததாலதான் உடையல அண்ணாச்சி."

"எடுக்காட்டியும் உடைஞ்சிருக்காது."

பொறுப்பு என்று சொன்னவன் நான்தானே. ஆயில் எஞ்சின் வாடகைக்குப் பிடித்து, கிணற்றிலிருந்து அவர் வயலுக்கு இறைத்தோம். வாடகை, டீசல் எல்லாம் அவர் கையிலிருந்து, என் கணக்கில். பாதிப் பயிர் தேறியது. முந்நூறு ரூபாய் ஆயிற்று. அறுப்புக்கு அறுப்பு கொஞ்சம் கொடுத்தேன். பிறகு எனக்கே விளையாத வருஷங்கள்.

எண்பதுகளில் மழையின் போக்கே மாறிவிட்டது. ஒரே நாளில் கொட்டும், அப்புறம் மாதக்கணக்கில் காணோம். ஒவ்வொரு ஐப்பசியும் மறுகாலுக்குப் போய் நிற்பேன். மூட்டை என்று வாயைத் திறந்தால் போதும், "மொதல்ல பழச குடுலே" என்பார் அண்ணாச்சி. திரும்பி வந்து, நனைந்த துணியோடு உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாக்கி நூற்று நாற்பது ரூபாய்.