ஒரு முழத் தூரத்துப் பந்து

என்னால் சும்மா உட்கார முடியாது. முறைக்காகக் காத்திருக்கும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில், விளையாட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது என் பிழைப்பு. முறை வந்தால் அன்றைக்குச் சம்பளம், மழை பிடித்துக்கொண்டால் இல்லை. அப்படியிருக்க, புதிதாகக் கற்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களில் ஒருவரை நிரந்தரமாக எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பரீட்சை ஆட்டம் வைப்பார்கள். எல்லாக் குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு வேலை.

திங்கட்கிழமைதோறும் காலையில் நாங்களும் விளையாடலாம். இந்தச் செய்தி வரும்வரை நான் பழகிய விதம், கை நோகும்வரை அடித்துத் தள்ளுவதுதான். நன்றாகப் போன ஓர் அடியை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். மற்றதற்கெல்லாம் காற்று, ஈரம், பழைய மட்டை என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். இது தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பை தூக்குகிறவன் எந்தப் பெரிய மனிதரிடமும் "உங்க அடி கோணல்" என்று சொல்லமாட்டான். "காத்து இழுத்திருச்சுங்க சார்" என்பான். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, எனக்கும் அதையே சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தேன்.

வேலை என்று வந்த பிறகுதான் புத்தி வந்தது. ஃபோனைப் பையில் சாய்த்து வைத்து நான் அடிப்பதைப் படம் பிடித்தேன். பார்த்தபோது பற்றிக்கொண்டு வந்தது. மட்டை பந்தில் படுவதற்குள் என் தலை நிமிர்ந்துவிடுகிறது, பந்து எங்கே போகிறதென்று பார்க்கும் அவசரம். எனக்கென்றே செய்துவைத்த கோளாறு. அதற்குப் பிறகு ஒரே மட்டை, ஒரே இடம், ஒரே தவறு என்று பழகினேன். பந்து பறப்பதைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டேன். அதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடையாது. ஆனால் அடிகள் மெல்லக் குறையத் தொடங்கின. அதைச் சொல்லிச் சொல்லியே என் மனைவியின் காதைப் புண்ணாக்கினேன்.

அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். ஒரு திங்கட்கிழமை போயா வந்தது, பௌர்ணமி விடுமுறை என்பதால் மலையில் வேலை இல்லை. "அப்படி என்னதான் பண்றீங்கன்னு பாக்குறேன்" என்று கூடவே கிளம்பிவிட்டாள். குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் என் பின்னாலேயே நடந்தாள். சில குழிகள் தாண்டியதும் கேட்டாள்.

"பந்து இன்னும் உள்ள போகலையே, ஏன் கையில எடுக்கிறீங்க?"

"ஒரு மொழந்தான இருக்கு. அது போன மாதிரிதான்."

"போன மாதிரியா, போச்சா?"

எரிச்சலோடு விளக்கினேன். சிநேகமாக ஆடுகிற பெரிய மனிதர்கள் குழிக்குப் பக்கத்தில் வந்த பந்தை, ‘அது போச்சு’ என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள். கடைசி அடியை அடிக்காமலே அடித்ததாக வைத்துக்கொள்வார்கள். நாங்கள் குனிந்து பந்தை எடுத்துக் கொடுப்போம். இத்தனை வருடம் எடுத்த கை, என் பந்தையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு யார் விட்டுக்கொடுத்தார்கள்?

"கூடையில விழாத கொழுந்த நிறுப்பாங்களா?" என்றாள்.

"இப்ப போட்டுக் காட்டுறேன் பாரு."

முதல் பந்து ஓரத்தில் நின்றது. இரண்டாவது தாண்டிப் போனது. அவள் சிரித்துவிட்டாள். நான் கத்தினேன். அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. இவ்வளவு காலம் நான் பீற்றிக்கொண்ட எண்ணிக்கை எல்லாம் பொய்யாகிவிட்டதே என்று உள்ளே குமைந்துகொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீட்டுச் சிமெந்துத் தரையில் டம்ளரைப் படுக்கவைத்து அதற்குள் பந்தை உருட்டினேன். டக், டக் என்று சத்தம். "வேலை கெடைக்கிறதுக்கு முன்னாடியே பைத்தியம் கெடச்சிருச்சு" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். உருட்டினேன். பரீட்சை நெருங்கியபோது அந்த ஒரு முழம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாகியிருந்தது.

பரீட்சையன்று நல்ல வெயில். கடைசிக் குழிக்கு நான் வந்தபோது என்னோடு போட்டியில் மிஞ்சியிருந்த ஒருவன் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தான். என் பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அது உள்ளே போனால் அவனைவிட ஓர் அடி குறைவு, வேலை எனக்கு. தவறினால் இருவரும் சமம். சமமானால் மூத்தவனுக்கு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவன்தான் மூத்தவன்.

என் அடிகளைக் குறித்துக்கொண்டு வந்தவர், நான் பல வருடம் பை தூக்கிய ஒரு சிங்களப் பெரியவர். பந்தைப் பார்த்தார். அது போச்சு, எடுத்துக்கொள் என்று சிங்களத்தில் சொன்னார். பழக்க தோஷத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் குறிப்பவர் அவர். எடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இல்லை சார், போடுகிறேன் என்றேன்.

யோக்கியன் என்று காட்டிக்கொள்ள அப்படிச் சொல்லவில்லை. போடமுடியும் என்று தெரியும், அதனால் சொன்னேன். பந்து நேராகத்தான் போனது. விளிம்பைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்து நின்றது. நான் எடுத்துக்கொள்ளச் சொன்னேனே என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எடுத்திருந்தா வேலை கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்."

குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினாள். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

"அப்படி வாங்கியிருந்தா, இந்தச் சோறு உங்களுக்கு எறங்கியிருக்குமா?"

"எறங்கியிருக்கும்" என்றேன். "இப்பதான் எறங்கல."